விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு வீட்டு ஷேர் திறக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 2024 அக்டோபரில் வந்தது. அன்றிலிருந்து ஒரே புலம்பல்தான்: நேற்று வரை திறந்த ஷேர் இன்று திறக்கவில்லை, இணையம் நன்றாக வருகிறது, ரூட்டரில் ஒரு குறையும் இல்லை, ஆனால் இன்னொரு அறையில் இருக்கும் கணினியின் ஃபோல்டரை மட்டும் தொட முடியவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால், அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் 11-க்கு மாறி இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் எதுவும் உடைந்துபோகவில்லை. பல வருஷமாகப் பெயரும் கேட்காமல் பாஸ்வேர்டும் கேட்காமல் திறந்துகொண்டிருந்த ஷேரை, இனி அப்படித் திறக்க மாட்டேன் என்று விண்டோஸ் மறுக்கிறது, அவ்வளவுதான். அதனால் புதிய கணினியின் பாதுகாப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்துவதற்குப் பதிலாக, ஷேருக்கு ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டால் கீழே உள்ள பாதித் தொல்லை வராமலே போகும். மீதிப் பாதிக்குத்தான் அறிகுறி பார்க்க வேண்டும்.

இனி ஃபோல்டர் இருக்கும் கணினியை "கொடுக்கும் கணினி" என்றும், அதைத் திறக்கப் பார்க்கும் கணினியை "கேட்கும் கணினி" என்றும் சொல்கிறேன். நேஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்து ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க் பெட்டி), யுஎஸ்பி டிஸ்க் செருகிய ரூட்டர், லினக்ஸ் கணினி எல்லாமே கொடுக்கும் பக்கம்தான்.

முதல் சோதனை: எண்ணை நேரடியாக அடியுங்கள்

கொடுக்கும் கணினியின் ஐபி முகவரியைக் கண்டுபிடியுங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் & இன்டர்நெட் போய், வைஃபை அல்லது ஈதர்நெட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபிவி4 என்று இருக்கும். நேஸ் அல்லது ரூட்டர் என்றால் ரூட்டரின் பக்கத்தில், இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் பார்க்கலாம். 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் இப்படி அடித்து என்டர் தட்டுங்கள்:

\\192.168.1.20

திறந்துவிட்டால் உங்களுக்கு இருப்பது பெயரைக் கண்டுபிடிக்கும் சிக்கல் மட்டும்தான், ஷேர் நன்றாகத்தான் இருக்கிறது. பாஸ்வேர்ட் கேட்டால் பாதை சரி, ஆள் அடையாளத்தில் சிக்கல். நெடுநேரம் சுற்றிவிட்டுப் பிழைச் செய்தி வந்தால் பாதையே அடைபட்டிருக்கலாம், அல்லது விண்டோஸே மறுத்திருக்கலாம். செய்தியில் உள்ள வாசகத்தையும் எண்ணையும் அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஏதோ எரர் வந்தது" என்று மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் உதவ முடியாது.

இந்த இடத்திலேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போனால் உங்களுடையது ஹோம் பதிப்பா ப்ரோ பதிப்பா என்று தெரியும். ஷேர்களைத் திறக்க விண்டோஸ் பயன்படுத்தும் நெறிமுறைக்கு எஸ்எம்பி என்று பெயர். 24எச்2-வில் எஸ்எம்பி கையொப்பம் (கீழே விளக்குகிறேன்) கட்டாயம் என்ற புதிய விதி ப்ரோ, என்டர்ப்ரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்குத்தான், ஹோமுக்கு இல்லை. ஒரே வீட்டில் ஒரு லேப்டாப் ஷேரைத் திறக்கிறது, அதே அப்டேட் போட்ட இன்னொன்று திறக்கவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைத்தான் ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: "நெட்வொர்க்" பகுதியில் மற்ற கணினி தெரியவில்லை, எண்ணை அடித்தால் திறக்கிறது

இதற்காக ஒரு சாயங்காலத்தை வீணாக்காதீர்கள். அந்தப் பட்டியலில் பெயர் தெரிவதும் ஷேர் வேலை செய்வதும் வேறு வேறு விஷயங்கள். முன்பு பட்டியலை எஸ்எம்பியின் முதல் பதிப்பான எஸ்எம்பி1 காலத்துப் பழைய முறை நிரப்பிக்கொண்டிருந்தது. இப்போது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி என்ற வேறொரு முறை நிரப்புகிறது, அதற்குச் சில சேவைகள் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டில் "சர்வீசஸ்" என்று தேடித் திறந்து, கொடுக்கும் கணினியில் "ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்" என்பதைப் பாருங்கள். மேனுவல் என்று இருந்தால் ஆட்டோமேட்டிக்காக மாற்றி ஸ்டார்ட் கொடுங்கள். "ஃபங்ஷன் டிஸ்கவரி ப்ரொவைடர் ஹோஸ்ட்", "எஸ்எஸ்டிபி டிஸ்கவரி" இரண்டையும் அப்படியே ஓடவிடுங்கள். 24எச்2 போட்டபின் பட்டியல் காலியாகிவிட்டது என்று சொன்ன பலருக்கு முதல் சேவையை ஆட்டோமேட்டிக் ஆக்கியதே போதுமானதாக இருந்திருக்கிறது.

லினக்ஸ் கணினி தெரியவில்லை என்றால் அதில் சாம்பா (லினக்ஸில் ஷேர் கொடுக்கும் நிரல்) மட்டும் இருந்து டபிள்யூஎஸ்-டிஸ்கவரிக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் இருக்கலாம். அதற்கென்று டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு நிரல் இருக்கிறது, நிறுவினால் தெரியும்.

என்னைக் கேட்டால் பட்டியலையே மறந்துவிடலாம். ரூட்டரில் கொடுக்கும் கணினிக்கு ஒரே ஐபி எண் எப்போதும் கிடைக்கும்படி ஒதுக்கிவிட்டு, கேட்கும் கணினியில் "மேப் நெட்வொர்க் டிரைவ்" மூலம் அந்த எண்ணையே ஒரு டிரைவாக வைத்துக்கொண்டால் யார் தெரிகிறார், யார் தெரியவில்லை என்ற கவலையே இல்லை.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பெயர் தெரியவில்லை என்று தேடினால் வரும் முதல் பதில் பல இடங்களில் "எஸ்எம்பி1-ஐ ஆன் செய்" என்பதாகவே இருக்கும். செய்யாதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அறிகுறி: எண்ணை அடித்தாலும் வரவில்லை, 80070035, "நெட்வொர்க் பாத் வாஸ் நாட் ஃபவுண்ட்"

இந்த எண் ஒன்றையே விண்டோஸ் நாலைந்து காரணத்துக்குக் காட்டும். எளிதிலிருந்து கடினத்துக்குப் போவோம்.

கொடுக்கும் கணினியில் நெட்வொர்க் வகையைப் பாருங்கள். விண்டோஸ் 11 புதிதாகப் பார்க்கும் எந்த நெட்வொர்க்கையும் பப்ளிக் என்றே எடுத்துக்கொள்ளும். அப்டேட்டோடு நெட்வொர்க் டிரைவரும் மாறியிருந்தால் உங்கள் வீட்டு வைஃபையே அதற்குப் புது நெட்வொர்க்காகத் தெரியலாம். பப்ளிக் என்றால் ஃபயர்வால் ஷேரை மூடிவிடும். செட்டிங்ஸ், நெட்வொர்க் & இன்டர்நெட், வைஃபை, ப்ராப்பர்ட்டீஸ் போய் ப்ரைவேட் நெட்வொர்க் ஆக்குங்கள். பிறகு அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸுக்குள், ப்ரைவேட் பகுதியில் நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்கும் ஆன் ஆக இருக்க வேண்டும். பப்ளிக் பகுதியில் இவற்றை ஆன் செய்யச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். அந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலைய வைஃபையில் உட்காரும்போது அங்கேயும் கதவு திறந்திருக்கும்.

இரண்டாவது, இரண்டு கணினிகளும் உண்மையிலேயே ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா? இதைப் பலர் சரியென்று எடுத்துக்கொண்டு தாண்டிவிடுகிறார்கள். இணையச் சேவைக்காரர் வைத்த ஃபைபர் பெட்டி ஒரு வைஃபை கொடுக்கும், நீங்கள் வாங்கிய ரூட்டர் இன்னொரு வைஃபை கொடுக்கும். ஒரு கணினியின் எண் 192.168.1 என்றும் மற்றதன் எண் 192.168.0 என்றும் தொடங்கினால் அவை தனித்தனி வளையங்களில் இருக்கின்றன என்றே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ரூட்டரை, தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். கெஸ்ட் வைஃபையில் இணைந்த சாதனங்களை ரூட்டரே ஒன்றோடொன்று பேசவிடாது, அதையும் பாருங்கள். விபிஎன் ஓடினால் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

மூன்றாவது, தனியாகப் போட்ட ஆன்டிவைரஸ். அதற்குச் சொந்தமாக ஒரு ஃபயர்வால் இருந்தால் விண்டோஸில் நீங்கள் ப்ரைவேட் என்று மாற்றியது அதற்குத் தெரியாமலே போகலாம். அதன் செட்டிங்ஸுக்குள் போய் வீட்டு நெட்வொர்க்கை நம்பிக்கையான வகைக்கு மாற்ற வேண்டும்.

பிங் செய்து பதில் வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள், ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்துவிட்டு ஷேரை விடுவதும் உண்டு. ஷேர் போக வேண்டிய வழி டிசிபி 445 என்ற போர்ட். பவர்ஷெல்லின் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் ஐபி எண்ணையும் போர்ட் 445-ஐயும் கொடுத்தால் திறந்திருக்கிறதா என்று நேராகச் சொல்லிவிடும். 445 திறந்திருந்தும் 80070035 வருகிறது என்றால் பாதையில் குற்றம் இல்லை. அடுத்த மூன்று அறிகுறிகளில் ஒன்றுதான் உங்களுடையது.

அறிகுறி: "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அனுமதியைத் தடுக்கிறது" என்ற பொருளில் ஒரு செய்தி

வீட்டில் ஏது நிறுவனம்? ஆனாலும் செய்தி இப்படித்தான் "யுவர் ஆர்கனைசேஷன்ஸ் செக்யூரிட்டி பாலிசீஸ்" என்று பேசும். அப்டேட்டுக்குப் பிறகு அதிகம் பேரை மாட்டவைப்பது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நேஸோ ரூட்டரோ சாம்பாவோ, நீங்கள் அடித்த பயனர் பெயர் தனக்குத் தெரியாவிட்டால் "சரி, விருந்தாளியாக உள்ளே வா" என்று விடும்படி பல வீடுகளில் அமைக்கப்பட்டிருக்கும். யாரோ ஒருவர் வருஷக்கணக்குக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனது, யாருக்கும் நினைவிருக்காது. விண்டோஸ் 10-இன் என்டர்ப்ரைஸ், எஜுகேஷன் பதிப்புகள் 2017-இலேயே இந்த விருந்தாளி முறையை மறுக்க ஆரம்பித்துவிட்டன. 24எச்2-வில் ப்ரோவும் அந்த வரிசையில் சேர்ந்தது. காரணம் நியாயமானதுதான். பாஸ்வேர்ட் கேட்காத ஷேர் என்றால் எதிரில் இருப்பது உண்மையில் உங்கள் நேஸ்தானா, அந்தப் பெயரில் வந்த வேறு எதுவுமா என்று கணினிக்குத் தெரிய வழியே இல்லை.

விண்டோஸுக்கும் விண்டோஸுக்கும் நடுவிலும் இது நடக்கும், அதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய ஓர் அறிவுரை. அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில், ஆல் நெட்வொர்க்ஸ் பகுதியில், "பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்" என்று ஒன்று உண்டு. பாஸ்வேர்ட் தொல்லை இருக்காது என்று அதை ஆஃப் செய்யச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. ஆஃப் செய்தால் கொடுக்கும் கணினி வருகிறவரை விருந்தாளியாக ஏற்கும், அந்த விருந்தாளி முறையையே கேட்கும் கணினி மறுக்கும். ஆக, முன்பு ஷேரைத் திறக்க வைத்த அதே செட்டிங்தான் இப்போது அதை மூடுகிறது. அதைத் திரும்ப ஆன் செய்யுங்கள்.

பிறகு ஷேருக்கென்று தனியாக ஒரு பயனரை உண்டாக்குங்கள். கொடுக்கும் பக்கம் விண்டோஸ் என்றால் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுன்ட். அது மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கேட்கும்போது, இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற இணைப்பைத் தட்டி, அடுத்த திரையில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயனரைச் சேர்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறிய ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட். பாஸ்வேர்டைக் காலியாக விடாதீர்கள், காலி பாஸ்வேர்ட் உள்ள கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. ஷேர் ஃபோல்டரில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸின் ஷேரிங் பகுதியில் அந்தப் பயனருக்கு ரீட் அல்லது ரீட்/ரைட் கொடுங்கள். நேஸ் என்றால் அதன் பக்கத்தில் இதே வேலை. சாம்பா என்றால் smbpasswd கட்டளையில் பயனரைச் சேர்க்க வேண்டும், லினக்ஸில் அதே பெயரில் கணக்கு இருந்தாலும் சாம்பா தன் பாஸ்வேர்டைத் தனியாகத்தான் வைத்துக்கொள்ளும்.

கொடுக்கும் சாதனத்தில் பாஸ்வேர்ட் வைக்கவே வழியில்லை, அது மலிவான ரூட்டர் என்றால்? அப்போது மட்டும், தெரிந்தே, தளர்த்தலாம். கேட்கும் கணினி ப்ரோ என்றால் "எடிட் க்ரூப் பாலிசி" திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், நெட்வொர்க், லேன்மேன் வொர்க்ஸ்டேஷன் வரை போய் "எனேபிள் இன்செக்யூர் கெஸ்ட் லாகான்ஸ்" என்பதை எனேபிள் செய்ய வேண்டும். இது மட்டும் போதாது. அடுத்த அறிகுறியில் சொல்லும் கையொப்பக் கட்டாயத்தையும் எடுத்தால்தான் வேலை செய்யும். ஏனென்றால் கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டைக் கொண்டு உருவாவது. பாஸ்வேர்ட் இல்லாத விருந்தாளியிடம் கையொப்பம் கேட்பது, கைநாட்டுக்கும் வழியில்லாதவரிடம் காசோலையில் கையெழுத்து கேட்பதைப் போலத்தான். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு "பாலிசி மாற்றியும் வரவில்லை" என்று நிற்பவர்கள் இந்த இரண்டாவதைத்தான் விட்டிருப்பார்கள்.

அறிகுறி: "கிரிப்டோகிராஃபிக் சிக்னேச்சர் இஸ் இன்வாலிட்", அல்லது -1073700864

கொடுக்கும் சாதனத்துக்குக் கையொப்பமிடத் தெரியவில்லை, அல்லது அதில் அணைத்து வைத்திருக்கிறார்கள். எஸ்எம்பி கையொப்பம் என்பது, போகும் ஒவ்வொரு செய்தியோடும் ஒரு முத்திரை சேர்த்து, நடுவில் யாரும் மாற்றவில்லை என்று உறுதிசெய்வது.

நேஸின் செட்டிங்ஸில் எஸ்எம்பி என்ற பகுதிக்குப் போங்கள். சர்வர் சைனிங் என்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும், அதை ஆட்டோ அல்லது ஆன் ஆக்குங்கள். அதற்கு முன் நேஸின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. இது நடந்தால் விண்டோஸில் ஒன்றும் தொட வேண்டாம்.

நடக்காவிட்டால், கேட்கும் கணினியில் "லோக்கல் செக்யூரிட்டி பாலிசி" திறந்து, லோக்கல் பாலிசீஸ், செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் போங்கள். "மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையன்ட்: டிஜிட்டலி சைன் கம்யூனிகேஷன்ஸ்" என்று தொடங்கும் வரிகளில் ஆல்வேஸ் என முடிவதை டிசேபிள் செய்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்திலேயே "மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் சர்வர்" என்று தொடங்கும் வரியும் இருக்கும், அதைத் தொடாதீர்கள், அது வேறு திசைக்கு.

அறிகுறி: "இந்த ஷேருக்கு எஸ்எம்பி1 தேவை, அது பாதுகாப்பற்றது"

இதில் விண்டோஸ் மழுப்பாமல் சொல்லிவிடுகிறது. எஸ்எம்பி1 பழைய நெறிமுறை. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, இதில் இருந்த ஓட்டையில் புகுந்துதான் கணினி விட்டுக் கணினி தாவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருஷக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 தானாக நிறுவப்படுவதில்லை.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு எஸ்எம்பி1 மட்டுமே தெரியும். விண்டோஸ் 7-க்கு எஸ்எம்பி 2.1 வரை தெரியும், கையொப்பமும் தெரியும். ஆகவே பழைய விண்டோஸ் 7 கணினி 24எச்2-வோடு பேசவில்லை என்றால் குற்றவாளி எஸ்எம்பி1 அல்ல, மேலே சொன்ன விருந்தாளி முறையாகத்தான் இருக்கும்.

நேஸில் அதிகபட்சப் பதிப்பு எஸ்எம்பி1 என்றே வைத்திருந்தால் எஸ்எம்பி3 ஆக்குங்கள், பல பெட்டிகளில் வசதி இருந்தும் யாரும் மாற்றாமல் கிடக்கும். யுஎஸ்பி துளையுள்ள பழைய ரூட்டரில் ஃபர்ம்வேர் புதுப்பித்தும் மாறவில்லை என்றால் அந்த டிஸ்கைக் கழற்றி ஏதாவது ஒரு கணினியில் செருகி அங்கிருந்து ஷேர் கொடுங்கள். டிவியில் படம் பார்க்க மட்டும்தான் என்றால் அதே ரூட்டரில் டிஎல்என்ஏ (டிவிக்குப் படங்களை நேராக அனுப்பும் முறை) வசதி இருக்கிறதா பாருங்கள், அதற்கு எஸ்எம்பியே வேண்டாம்.

அறிகுறி: பாஸ்வேர்ட் திரும்பத் திரும்பக் கேட்கிறது, சரியாக அடித்தாலும் ஏற்கவில்லை

முதல் சந்தேகம் பின் எண். தினமும் கணினியைத் திறக்க அடிக்கும் நாலு இலக்க எண் அந்தக் கணினிக்கு மட்டுமே சொந்தம், நெட்வொர்க்கில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறவர்கள் அந்தக் கணக்கின் முழு பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும், பயனர் பெயராக மின்னஞ்சலைக் கொடுக்க வேண்டும். அப்படியும் சில கணினிகளில் ஏற்காது, காரணம் அந்தக் கணினியில் யாரும் பாஸ்வேர்ட் அடித்து ஒருமுறைகூட நுழைந்ததில்லை, முதல் நாளிலிருந்தே பின்தான். இதோடு மல்லுக்கட்டுவதைவிட மேலே சொன்ன தனிப் பயனரை உண்டாக்குவது எளிது.

பெயரை எழுதும் விதமும் முக்கியம். வெறும் பெயரை மட்டும் அடித்தால் சில நேரம் கேட்கும் கணினி அதைத் தன் சொந்தப் பயனர் என்று நினைத்துக்கொள்ளும். கொடுக்கும் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பிறகு பயனர் பெயர் என்று அடியுங்கள்.

இரண்டாவது சந்தேகம், பழைய நினைவு. கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர், விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ். அந்தக் கணினியின் பெயரிலோ ஐபி எண்ணிலோ இருக்கும் பழைய பதிவுகளை நீக்கிவிட்டு, புதிய பெயரையும் பாஸ்வேர்டையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள். ஒரே கணினிக்கு இரண்டு பயனர் பெயரில் போக முடியாது என்று 1219 வந்தால், ஏற்கெனவே வேறு பெயரில் ஓர் இணைப்பு திறந்திருக்கிறது. சைன் அவுட் செய்து திரும்ப வந்தால் போய்விடும்.

மூன்றாவது கொஞ்சம் வினோதமானது, இதெல்லாம் செய்தும் தீராதவர்களுக்கு. 2025 ஆகஸ்ட் 29-ஆம் தேதியிலிருந்து வந்த 24எச்2, அதற்கடுத்த பதிப்பான 25எச்2 அப்டேட்களில் விண்டோஸ் ஒரு புதுச் சோதனையைச் சேர்த்தது. ஒவ்வொரு விண்டோஸ் நிறுவலுக்கும் எஸ்ஐடி என்ற அடையாள எண் உண்டு. இரண்டு கணினிகளுக்கும் ஒரே எஸ்ஐடி இருந்தால் அவற்றுக்கிடையே உள்நுழைவை இப்போது மறுத்துவிடுகிறது. பாஸ்வேர்ட் சரி, பயனர் சரி, ஆனாலும் உள்ளே விடாது. ரிமோட் டெஸ்க்டாப்பும் சேர்ந்தே நின்றுபோகும். ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 6167 என்ற எண்ணோடு, மெஷின் ஐடி ஓரளவு பொருந்தவில்லை என்ற பதிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒரே எஸ்ஐடி எப்படி வரும்? டிஸ்கை அப்படியே நகல் எடுத்தால் வரும். அசெம்பிள் செய்யும் கடையில் ஒரு டிஸ்கைத் தயார் செய்து மற்றவற்றுக்கு க்ளோன் போட்டிருக்கலாம். அதைவிட வீடுகளில் நடப்பது இது: பழைய ஹார்ட் டிஸ்கை எஸ்எஸ்டிக்கு க்ளோன் செய்து மாற்றுவோம், மிச்சமான ஹார்ட் டிஸ்கைத் தூக்கி இன்னொரு கணினியில் போட்டு "இதுவும் ஓடுகிறதே" என்று பயன்படுத்திக்கொண்டிருப்போம். இதுநாள் வரை ஓடியது. சோதித்துப் பார்க்க, கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஹூ ஆம் ஐ' என்பதை ஆங்கிலத்தில் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோடும் 'யூசர்' என்பதும் சேர்த்து அடித்தால் நீளமான ஓர் எண் வரும். கடைசிக் கோட்டுக்குப் பின் வரும் 1001 போன்ற பகுதியை விட்டுவிட்டு, மீதி இரண்டு கணினியிலும் ஒன்றாக இருந்தால் க்ளோன்தான். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள், எஸ்ஐடியை மாற்றித் தரும் என்று சொல்லும் நிரல்களையும் நம்பாதீர்கள். இரண்டில் ஒன்றில் ஃபைல்களைப் பேக்கப் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் வீட்டுக்குச் சரியான தீர்வு. சலிப்பான வேலைதான், ஆனால் வேறு நேர்வழி இல்லை.

அறிகுறி: ஷேர் திறக்கிறது, உள்ளே ஃபோல்டருக்கு அனுமதி இல்லை, அல்லது காலியாக இருக்கிறது

அனுமதி இல்லை என்றால், விண்டோஸில் இரண்டு அனுமதிகள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஷேரிங் பகுதியில் கொடுப்பது ஒன்று, செக்யூரிட்டி பகுதியில் கொடுப்பது இன்னொன்று, இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் எவ்ரிஒன் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிட்டு, செக்யூரிட்டியில் அந்தப் பயனர் பெயரே இல்லாமல் விட்டிருப்பார்கள்.

காலியாக இருந்தால் ஒன்டிரைவைப் பாருங்கள். அப்டேட்டுக்குப் பின் வரும் "கணினியை அமைத்து முடிப்போம்" திரைகளில் ஓகே ஓகே என்று தட்டிக்கொண்டே போனால், டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் பேக்கப்புக்குள் போய்விடலாம். நீங்கள் ஷேர் செய்திருந்த பழைய டாகுமென்ட்ஸ் வேறு இடத்தில் காலியாகக் கிடக்கும். ஃபைல்கள் எங்கும் போகவில்லை, ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். ஷேருக்கென்று டிரைவின் முதல் நிலையில் தனி ஃபோல்டர் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. வெளி டிஸ்கை ஷேர் செய்திருந்தால் டிரைவ் எழுத்து மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள், மாறியிருந்தால் பழைய ஷேர் தானாக அதைத் தேடிப் போகாது.

அறிகுறி: கணினியிலிருந்து சரி, டிவியும் ஸ்கேனரும் மட்டும் நின்றுவிட்டன

இங்கே திசை மாறுகிறது. உங்கள் 24எச்2 கணினிதான் கொடுக்கிறது, டிவியோ பிரின்டரோ கேட்கிறது. ப்ரோவில் உள்ளே வரும் இணைப்புக்கும் கையொப்பம் கட்டாயம் என்பதால், கையொப்பமிடத் தெரியாத சாதனம் வாசலோடு திரும்பும். ஸ்கேன் செய்து ஃபோல்டருக்கு அனுப்பும் பெரிய பிரின்டர்களில் இது சகஜம். பிரின்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, அதன் எஸ்எம்பி பதிப்பை 2 அல்லது 3 ஆக்கி, தனிப் பயனரின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ யுஎஸ்பிக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். பிரின்டரை விடவே முடியாது என்றால்தான் அந்த ஒரு கணினியில் "மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் சர்வர்" என்று தொடங்கி ஆல்வேஸ் என முடியும் வரியை டிசேபிள் செய்ய வேண்டும்.

டிவியில் 'கோடி' என்ற படம் பார்க்கும் செயலியை வைத்திருந்தால் அதன் எஸ்எம்பி கிளையன்ட் செட்டிங்ஸில் குறைந்தபட்சப் பதிப்பு, அதிகபட்சப் பதிப்பு என்று இருக்கும். அதிகபட்சம் எஸ்எம்பி3 ஆக இருக்கட்டும், பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து மூலத்தைத் திரும்பச் சேருங்கள்.

அறிகுறி: மேப் செய்த டிரைவில் கணினி தொடங்கியதும் சிவப்புக் குறி

கிளிக் செய்தால் திறக்கிறது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. வைஃபை இணைவதற்கு முன்பே விண்டோஸ் டிரைவைத் தேடிவிட்டுத் தோற்றிருக்கிறது. தொல்லையாக இருந்தால் க்ரூப் பாலிசியில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் பகுதியில் நெட்வொர்க்குக்காகக் காத்திருக்கச் சொல்லும் தேர்வை எனேபிள் செய்யலாம். கேபிள் போட்ட கணினியில் பெரும்பாலும் இது வருவதே இல்லை.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா என்றால், பெரிய அப்டேட் போட்ட 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் "கோ பேக்" இருக்கும். நாளைக் காலை ஏதோ ஒரு ஃபைல் கட்டாயம் வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் அதைச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அடுத்த பதிப்பிலும் இதே விதிகள்தான் காத்திருக்கும். அதனால் திரும்பிப் போனாலும், போன கையோடு அந்தத் தனிப் பயனரை உண்டாக்கிவிடுங்கள்.